முதல் தாளில் விழுந்த கைநாட்டு

தோட்டத்து ஆபீஸில் மாதா மாதம் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்துப் பழகிய கைதான் என் அம்மாவுடையது. ஆனாலும் அன்றைக்கு நான் தாளை விரித்ததும் அவள் எழுந்துபோய் முகம் கழுவி, தலையைச் சீவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் அவள் கட்டைவிரலைப் பிடித்து நீல மையில் ஒற்றித் தாளில் அழுத்தினேன். வெறும் நீலத் திட்டு விழுந்தது. ரேகை விழவே இல்லை. இத்தனை வருஷம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக் கத்தி பிடித்து, ஒட்டுப்பால் உரித்து உரித்து அந்த விரல் வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தது.

"இன்னொரு தடவ வைம்மா. சரியா விழல."

வைத்தாள். அதே இடத்தில் விழுந்த அதுவும் திட்டுத்தான்.

"போதும்லா. நான்தான்னு உனக்குத் தெரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். நடந்ததைக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். அல்லது, பாவம், சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்பீர்கள். அதைச் சொல்லாதீர்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் தோட்டம் லாபு பக்கம். நான் கோலாலம்பூரில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அப்படி ஒரு படிப்புக்குப் போனது நான் ஒருத்திதான். வீடு கட்டப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்வார்கள். 'கொத்தனார் வேலைக்கு எதுக்குலா அஞ்சு வருஷம்?' என்று கேட்டுச் சிரிப்பவர்களும் இருந்தார்கள். அப்பா நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோதே இறந்துபோய்விட்டார். அம்மா விடிகாலையில் பால்மரக் காட்டுக்குப் போவாள். மத்தியானம் திரும்பி, சோற்றை வாயில் போட்டுக்கொண்டே புல் அறுக்கப் போவாள். எங்களிடம் மூன்று மாடுகள் இருந்தன. செவலை ஒன்று, கறுப்பு ஒன்று, செவலையின் கிடாரி ஒன்று. என் பஸ் காசு, வரைதாள், மைப்பேனா, மாதிரி செய்யும் அட்டை எல்லாம் அந்த மாடுகளின் மடியிலிருந்து வந்தவைதான்.

லயத்துக்குப் பின்னால் வரிசையாகக் கொட்டகைகள். பதினொரு வீட்டில் மாடு இருந்தது. பழைய தகரம், பால்மரக் கட்டை, செம்பனை ஓலை, யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த கடைப்பலகை என்று ஆளுக்கொரு விதமாகக் கட்டியிருந்தார்கள். மழை பெய்தால் சாணமும் தண்ணீரும் கலந்து சமையல் குசினி வாசல்வரை வரும். இதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து மேனேஜரான துரை பால்மரங்களை வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை போட ஆரம்பித்திருந்தார். மாடுகள் செம்பனைக் கன்றுகளின் குருத்தைக் கடித்துவிடுகின்றன என்று ஆபீஸிலிருந்து திரும்பத் திரும்ப எச்சரிக்கை வந்தது. மாட்டை விற்றுவிடுங்கள் என்றார்கள். பதினொரு வீடும் ஒரே வார்த்தையாக முடியாது என்றது. எதிர்வீட்டு அத்தை ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "எங்க மாட்ட வெரட்டணும்னா மொதல்ல எங்கள வெரட்டு" என்று கத்திவிட்டு வந்தாள். அவர்கள் ஒன்றாக நிற்கும்வரை ஆபீஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதுவும் எனக்குத் தெரியும். லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

எங்கள் விரிவுரையாளர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். 'சஸ்டெய்னபள்' என்ற சொல்லை எங்கள் வகுப்புக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். மக்கள் கூடும் இடம் ஒன்றை வரையவேண்டும், அது அங்கே கிடைக்கும் பொருளால், அங்கே அடிக்கும் காற்றால், அங்கே பெய்யும் மழையால் பிழைத்திருக்கவேண்டும் என்பார். முதல் முறை லுக்குட்டில் ஒரு பாசார், சந்தைக் கூடம், வரைந்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூடப் பார்க்கவில்லையே என்று தாளைத் தள்ளிவிட்டார். அடுத்தது ராசாவில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு ஒரு நிழற்கூடம். "அழகாக இருக்கிறது. இதில் யார் உட்காருவார்கள்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. இருடா, உனக்குக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

கடைசி வருஷத் திட்டத்துக்கு எங்கள் லயத்தையே எடுத்தேன். லயத்துக் கோடியில் ஒரு பொதுக் கொட்டகை. பதினொரு வீட்டு மாடும் அங்கே நிற்கும். சாணம் ஒரு தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து வரும் எரிவாயுவில் பக்கத்திலேயே ஒரு பொதுச் சமையல்கூடம் நடக்கும். பெரிய கூரை, அதிலிருந்து மழைத்தண்ணீர் தொட்டியில் விழும். கூரைக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்து பேசவும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதவும், கல்யாணத்துக்குப் பந்தி போடவும் ஒரு வெளி. சுவருக்கு, ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைவீட்டுச் செங்கல். மாடு கட்டிய இடத்திலேயே புல் தின்னும், செம்பனைக் காட்டுக்குள் போகாது. துரையின் சண்டையும் தீர்ந்தது. எவ்வளவு புத்திசாலி நான் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

இடைத்தேர்வில் விரிவுரையாளர் என் அட்டை மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல கற்பனை. அந்த லயத்தில் இருப்பவர்களைக் கேட்டாயா?"

"கேட்டேன் சார்." பச்சைப் பொய்.

"சம்மதித்தார்களா?"

"சம்மதித்தார்கள் சார்."

"அப்படியென்றால் இறுதித் தேர்வில் அந்தச் சம்மதத்தைக் காட்டு. அதுதான் இந்த வேலையின் உயிர்."

அந்த வார இறுதியில் மைப்பெட்டியும் கையுமாக ஊருக்கு வந்தவள்தான் நான்.

அதற்கு முன்பே லயத்தை அளப்பதற்காக ஆபீஸில் அனுமதி கேட்டிருந்தேன். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எங்களைப் போலத் தமிழர்தான், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிறவர். "தாராளமா அளந்துக்கம்மா. நீ வரையறதுல ஒரு காப்பி இங்க குடுத்துடணும், அவ்ளோதான். துரை பாக்கணும்பாரு" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். துரையே என் வரைபடத்தைப் பார்க்கப்போகிறார்! ஒருவேளை பிடித்துப்போய்க் கட்டியே கொடுத்துவிட்டால்?

நான் இரண்டு தாள் வரைந்திருந்தேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். முதல் தாளில் இருப்பதையெல்லாம் காட்டி, எதை அகற்றவேண்டும் என்று குறிப்போம். இரண்டாம் தாளில் எதைக் கட்டப்போகிறோம் என்று காட்டுவோம். முதல் தாளில் பதினொரு கொட்டகைகளையும் ஓர் அங்குலம் பிசகாமல் அளந்து போட்டு, ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பர் எழுதி, 'அகற்றப்படும்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அழகான எழுத்தில் குறித்திருந்தேன். இரண்டாம் தாள்தான் என் உயிர். பொதுக் கொட்டகை, கூரை, மழைத்தொட்டி, மரங்கள், உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்று எல்லாவற்றுக்கும் நீர்வர்ணம் பூசி, ஒரு வாரம் உழைத்திருந்தேன்.

கைநாட்டு இரண்டாம் தாளில்தான் விழவேண்டும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அம்மாகூட அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுலயா வைக்கணும்?" என்று கேட்டாள். அவள் விரலில் நீல மை சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பதறிவிட்டது. என் நீர்வர்ண வானத்தில் பதினொரு மைத்திட்டா!

"ஐயோ, அதுல வேணாம்மா! அழுக்காயிடும். இதுல வை" என்று முதல் தாளை இழுத்துப் போட்டேன். அதன் அடியில் காலி இடம் நிறைய இருந்தது.

அவ்வளவுதான். செய்த பாவம் அதுதான்.

அம்மாவுக்குப் பிறகு வீடு வீடாகப் போனேன். "புதுக் கொட்டக கட்டுனதுக்கு அப்புறந்தான் பழசு போகும்" என்று ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னேன். வாயால் சொன்னது வாயோடு போயிற்று. எதிர்வீட்டு அத்தையின் மருமகன் மட்டும், என்ன எழுதியிருக்கிறது, படித்துப் பார்க்கலாமே என்று இழுத்தார். அத்தை அவர்மேல் பாய்ந்தாள். "நம்ம புள்ள எழுதுனது. அதப் போயி படிச்சுப் பாக்கணுமா? போலா அங்கிட்டு!" பதினொரு கைநாட்டும் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. அத்தை எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பினாள்.

இரண்டு தாளையும் நகலெடுத்து, அம்மோனியா வாடை போகாத காகிதத்தைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, கிராணியின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். யாரும் கேட்காமலேயே, 'எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க சார்' என்றும் சொன்னேன். அவர் சுருளைப் பிரித்து முதல் தாளின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "சரிம்மா" என்றார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. நான்தான் பெரிய இவள் மாதிரி நிமிர்ந்து நடந்துவந்துவிட்டேன்.

இறுதித் தேர்வில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு தேர்வாளர் கைநாட்டுகளின்மேல் விரலை ஓட்டி, இத்தனை வருஷத்தில் மாணவர் தாளில் இவ்வளவு உண்மையான ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். ரேகையில்லாத அந்தத் திட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். என் அம்மா என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பிலேயே அதிகப் புள்ளி எனக்குத்தான்.

மறுநாளே சிரம்பானுக்கு வந்து, பஸ் மாறி, கையில் ஒரு கேக் பெட்டியோடு தோட்டத்தில் இறங்கினேன். பெரட்டுக் களத்தில், விடிகாலையில் பேர் கூப்பிடும் இடத்தில், பலகையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் யாரும் வாம்மா என்று சொல்லவில்லை. வழிவிட்டார்கள்.

பலகையில் ஆபீஸ் கடிதம். பதினான்கு நாளில் எல்லா மாடுகளையும் தோட்டத்தைவிட்டு வெளியேற்றி, கொட்டகைகளைப் பிரிக்கவேண்டும். குடியிருப்பவர்கள் ஏற்கெனவே எழுத்தில் சம்மதித்துவிட்டார்கள். அதன் பக்கத்தில் என் முதல் தாள். என் எழுத்து. என் வடக்குத்திசை அம்பு. பதினொரு கொட்டகை, பதினொரு நம்பர், பதினொரு கைநாட்டு. இரண்டாம் தாளைக் காணோம்.

கேக் பெட்டியை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. நேரே ஆபீஸுக்கு ஓடினேன்.

"சார், ரெண்டாவது தாள் எங்க சார்? ரெண்டும் சேந்ததுதானே சார்!"

கிராணி மேசை இழுப்பறையைத் திறந்து என் நீர்வர்ணத்தின் நகலை எடுத்து நீட்டினார். "இது படம்மா. நல்லா இருக்கு. துரைகூட நல்லா இருக்குன்னாரு. ஆனா இதுல யாரும் கைநாட்டு வைக்கலயே."

"புதுசு கட்டுனாதானே சார் பழச எடுக்கணும்!"

"அப்படின்னு எங்க எழுதியிருக்க? காட்டு."

எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"நாங்களா வரைஞ்சோம்? நாங்களா கைநாட்டு வாங்குனோம்?" என்றவர் குரலை இறக்கினார். "இத்தன நாளா எங்களால முடியாதத நீ ஒரே நாள்ல முடிச்சுட்டம்மா. அன்னைக்கே உன்னக் கூப்புட்டுச் சொல்லியிருக்கணும். எனக்கும் சம்பளம் துரை குடுக்குறதுதானே." அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் போட்டுவிட்டு நான் தப்பித்திருப்பேன்.

அந்தப் பதினான்கு நாளும் நான் பட்டது நாய் படாத பாடு. கோலாலம்பூருக்குப் போய் விரிவுரையாளரிடம் அழுதேன். இது வெறும் மாணவர் பயிற்சி என்று அவர் நல்ல மனசோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கிராணி அதைப் படித்துவிட்டு, "பயிற்சின்னா கைநாட்டு எதுக்கும்மா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். சிரம்பானில் ஓர் அரசாங்க ஆபீஸின் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், கைநாட்டு வைத்தவர்களே சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் கைநாட்டு வைத்துக் கொடுத்தால் ஏதாவது செய்து பார்க்கலாம், பதினொரு பேரும் வைக்கவேண்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

அன்றைக்கே எழுதினேன். இந்த முறை தமிழிலும் எழுதினேன். படம் இல்லை, வர்ணம் இல்லை. அதே மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் எதிர்வீட்டுக்குப் போனேன்.

அத்தை வாசலை விட்டு நகரவில்லை. "என்னாது அது?"

"வாபஸ் வாங்குற சுராட்டு அத்த, கடுதாசி. இதுல வச்சீங்கன்னா..."

"ஒரு தடவ வச்சதுக்கே மாடு போவுது. இன்னொரு தடவ வச்சா வீடும் போயிடும்லா."

"அத்த, படிச்சுக் காட்டுறேன் அத்த. தமிழ்லதான் இருக்கு. ஒங்க மருமகனக் கூப்புடுங்க, அவரு படிக்கட்டும்!"

"படிச்சவங்க எழுதுனது. எங்களுக்கு என்னா தெரியும்?" அவள் கத்தவில்லை. ஆபீஸ் வாசலில் அப்படிக் கத்தியவள், என்னிடம் கத்தவே இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அடுத்த வீட்டில் ஆளில்லை என்றார்கள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒருவர், "வேணாம் புள்ள, விட்டுடு, இருக்குறத வச்சுப் பொழைச்சுக்குறோம்" என்று என்னைக் கும்பிட்டார். என்னைவிட முப்பது வயது பெரியவர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதினொரு வீட்டில் பத்து வீட்டு வாசலில் நின்றேன். தாள் வெள்ளையாகவே இருந்தது.

அம்மா கொட்டகையில் செவலையைக் கறந்துகொண்டிருந்தாள். இவள் வைப்பாள், இவளைப் பார்த்து மற்றவர்களும் வைப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். கறப்பதை நிறுத்தாமல் கேட்டாள். பால் சட்டியில் விழும் சத்தம் ஒரே சீராக இருந்தது.

"இதுல ஒன்னு வைம்மா."

"கை ஈரமா இருக்கு பாப்பா."

"தொடச்சுட்டு வைம்மா."

"காயட்டும்."

கறுப்பையும் கறந்தாள். கழுநீர் வைத்தாள். சாணம் அள்ளினாள். கையைக் கழுவினாள். மறுபடி எதற்கோ தண்ணீரில் கை விட்டாள். நான் மைப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மை காய்ந்தது. அவள் கை காயவில்லை. "அம்மா, கெஞ்சிக் கேக்குறேம்மா" என்று கத்தினேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பதின்மூன்றாம் நாள் லோரி வந்தது. அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மாட்டு வியாபாரி கேட்ட விலை எனக்கு இப்போது நினைவில்லை, நினைவில் வைக்கவும் விருப்பமில்லை. கயிறு மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கயிறு வீட்டில் இருந்தால் மாடு திரும்ப வரும் என்று கழற்றி வைத்துக்கொள்வார்கள். அத்தை அழுதுகொண்டே தன் கயிறுகளைக் கழற்றினாள். அம்மா கழற்றவில்லை. செவலை பலகையில் ஏறமாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது. அம்மா பின்னாலிருந்து தட்டி ஏற்றினாள். வியாபாரியே, "கயிறு வேணாமாக்கா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டுப் போங்க. இங்க எதுக்கு?" என்றாள்.

கொட்டகைகள் இரண்டே நாளில் பிரிந்தன. நான் அளந்து போட்ட அளவு அவ்வளவு சரியாக இருந்ததால் வேலை சுலபமாக இருந்ததாம். லயத்துக் கோடியில் நான் பொதுக்கூடம் வரைந்த இடத்தில் செம்பனைக் கன்று வைத்தார்கள்.

நான் படித்து முடித்தேன். சிரம்பானில் ஓர் ஆபீஸில் வேலை கிடைத்தது. அம்மாவைக் கூட்டிவந்து ராசாவில் வாடகை வீட்டில் வைத்துக்கொண்டேன். கடை வீடுகள் வரைந்தேன், மாடிப்படி வரைந்தேன், கார் நிறுத்துமிடம் வரைந்தேன். மக்கள் கூடும் இடம் எதையும் வரையவில்லை. அம்மா என்னிடம் நன்றாகவே இருந்தாள். சமைத்துப் போட்டாள், கல்யாணம் எப்போது என்று நச்சரித்தாள், என் சம்பளத்தைச் சொல்லிப் பக்கத்து வீட்டில் பெருமையடித்தாள். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நான் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

சில வருஷம் கழித்து அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆபரேஷன் செய்தாகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். நோயாளி சம்மதித்துக் கைநாட்டு வைக்கவேண்டிய தாள் ஒன்றை நர்ஸ் என்னிடம் கொடுத்தாள். "நீங்க மக தானே? நீங்க சொன்னா வைப்பாங்க. சீக்கிரம் வாங்கிக் குடுங்க" என்று மைப்பெட்டியையும் கொடுத்தாள்.

அம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு நாளாக அவள் எழுந்திருக்கவில்லை. நான் தாளை அவள் பக்கத்தில் வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலிருந்து கடைசிவரை தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மையைத் திறந்தேன்.

"இதுல ஒன்னு வைம்மா."

என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. சின்ன வயசில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"கை ஈரமா இருக்கு பாப்பா" என்றாள்.

அந்தக் கை போர்வைமேல் கிடந்தது. தோல் உலர்ந்து வெள்ளைவெள்ளையாகப் பொரிந்திருந்தது. நான் தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்ஸ் தாளை நீட்டினாள். அம்மா ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலை நீட்டினாள்.